ஹினெக் கலந்து வைத்த தண்ணீர்

குளியலறைக் குழாயடியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கை வரை மூன்று முறை கழுவுகிறார் விலேம். சோப்பு கிடையாது. வெறும் வெந்நீர், பிறகு ஒரு பழைய பல்துலக்கியால் நகக்கண்கள். நாற்பது வருடமாக லிஃப்டுகளின் பல்சக்கரங்களுக்கு மசகு போட்ட கை அது. ரேகைக்குள் ஊறிய கறுப்பு எதற்கும் மசியாது. கழுவி முடித்ததும் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் வாடை இம்மி அடித்தாலும் மறுபடி முதலிலிருந்து. கை தானாகக் காய்ந்த பிறகுதான் நடைவழியின் கடைசியில் உள்ள சின்ன அறையின் கதவைத் திறப்பார்.

வேலைக்குப் போன இடத்தில் இப்போதெல்லாம் ரப்பர் உறை போட்டுக்கொள்கிறார். கூட வேலை செய்யும் ஸ்லாவெக் விடமாட்டான். “என்னண்ணே, கையெல்லாம் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க, பியானோ கத்துக்கப் போறீங்களா?” விலேம் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்காமல், “எறாவுக்கு மசகு ஆகாது” என்பார். “பூண்டு போட்டு வதக்குங்க, எல்லாம் ஆகும்.” சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். விலேமும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக.

அறுபத்தொரு வயது. ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத அகலமான தோள். புர்னோ நகரத்து லீஷென் குடியிருப்பில் எட்டு மாடிக் கான்கிரீட் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் இருக்கிறார். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்ப்பவரும் அவர்தான். ஆனால் படியேறித்தான் வீட்டுக்குப் போவார். கேட்டால், “சமைக்கிறவனுக்குப் பசி எடுக்காது, அந்த மாதிரிதான்” என்பார். கோட்டுப் பையில் எப்போதும் பாதி தின்ற ரொட்டி ஒன்று இருக்கும். மேல்பையில் சின்னத் திருப்புளி. மகனைத் தகனம் செய்த அன்றும் அந்தத் திருப்புளி கறுப்புக் கோட்டின் மேல்பையில் இருந்தது. மனைவி யர்மிலாதான் பார்த்து, எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மகன் பெயர் ஹினெக். இருபத்தெட்டு வயது. இரண்டரை வருடத்துக்கு முன்பு ஒரு நவம்பர் மாதம், விஷ்கொவ் தாண்டி ஒரு வளைவில், ஈரச் சாலையில் வண்டி சறுக்கியது. அவ்வளவுதான் விலேம் சொல்வார். அதற்கு மேல் யாரும் கேட்டதுமில்லை.

கடைசி அறை ஹினெக்குடையது. ஒரு கட்டில், ஒரு இரும்பு அலமாரி, அதன் மேல் மூன்று கண்ணாடித் தொட்டிகள். மீன் இல்லை, அரை விரல் நீளத்துக்கு மேல் வளராத நன்னீர் இறால்கள். பதினேழு வயதில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, வெளிறியதை ஒதுக்கிக் கறுத்ததைச் சேர்த்து, புளிப்புச் செர்ரிப் பழம் மரத்திலேயே காய்ந்தால் என்ன நிறமோ அந்த நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தான். நகரத்து இறால்காரர்கள் அதற்கு ‘ஹினெக் செர்ரி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இது விலேமுக்குத் தெரிந்தது மகன் போன பிறகு. அவன் இருந்தவரை, “திங்கவும் ஆகாது, கொஞ்சவும் ஆகாது. எதுக்குடா இந்தப் பூச்சி?” என்று கேட்பதோடு சரி. ஹினெக் கோபப்பட மாட்டான். “உள்ள வந்து பாருப்பா, அப்புறம் சொல்லு” என்பான். விலேம் வாசலில் நின்றபடியே விளக்கை அணைத்துவிட்டுப் போவார். பதினொரு வருடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் அந்தத் தொட்டிகளின் முன் உட்கார்ந்ததில்லை.

தகனம் முடிந்து ஐந்தாறு நாள் கழித்து, இரைச்சல் போடும் காற்று மோட்டாரை நிறுத்தலாம் என்றுதான் உள்ளே போனார். மூன்று தொட்டியிலும் இறால்கள் முன்பக்கக் கண்ணாடியோரம் திரண்டு நின்றன. ஆள் வந்தால் தீனி வரும் என்று பழகியவை. தொட்டிக்கு நூறுக்குக் குறையாது. அத்தனையும் மீசையை ஆட்டிக்கொண்டு அவரைப் பார்த்தன. விலேம் மோட்டாரை நிறுத்தவில்லை. சமையலறைக்குப் போய், சூப்புக்கு வைத்திருந்த கீரையில் இரண்டு இலையைப் பிய்த்துக்கொண்டு வந்தார்.

அறையின் மூலையில் இருபது லிட்டர் கேன்கள் மூன்று இருந்தன. ஆர்.ஓ. வடிகட்டியில் பிடித்த தண்ணீரில் தாதுப்பொடி கரைத்து ஹினெக் தயாராக வைத்திருந்தது. மூடியில் அவன் கையெழுத்தில் தேதியும் பொடியின் அளவும் எழுதி ஒட்டியிருந்தது. தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் ஆவியாகி ஒரு விரற்கடை இறங்குவதைக் கண்ட விலேம், அந்தக் கேனிலிருந்து மாலைதோறும் ஒரு தொட்டிக்கு ஒரு தம்ளர் என்று எடுத்து ஊற்றினார். குழாய்த் தண்ணீரை அவர் தொடவில்லை. மகன் கலந்து வைத்ததைவிட நல்ல தண்ணீர் அவற்றுக்கு எங்கிருந்து கிடைக்கும். மூன்றாவது கேன் தீர்ந்த அன்று அவர் அந்தக் கேனைத் தலைகீழாக நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மூடியில் எழுதியிருந்த அளவுப்படி தானே கலக்கக் கற்றுக்கொண்டார். ஒரு சிட்டிகை கூடாது, ஒரு சிட்டிகை குறையாது.

இறால்கள் செத்துக்கொண்டே வந்தன. மொத்தமாக இல்லை, இன்றைக்கு ஒன்று, நாலு நாள் கழித்து இரண்டு. செத்தவற்றின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். நோய் என்று நினைத்தார். சுத்தமாக வைத்துக்கொண்டால் சரியாகும் என்று கையை இன்னும் ஒரு முறை கழுவினார். செத்தவற்றை ஒரு தேக்கரண்டியில் எடுத்து, பால்கனிப் பூந்தொட்டியில் ஜெரேனியத்தின் வேரடியில் புதைப்பார். அந்தக் கோடையில் ஜெரேனியம் பூத்ததுபோல் என்றுமே பூத்ததில்லை. யர்மிலா எதிர் வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விலேம் ரொட்டியைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் தொட்டி அந்த இலையுதிர் காலத்தோடு காலி. இரண்டாவது, அடுத்த வருடம் செர்ரி பழுப்பதற்குள். மூன்றாவதில் கொஞ்சம் மிஞ்சின.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கும் வழக்கம் விலேமுக்கு இல்லை. நின்றுபோன லிஃப்ட் எதுவானாலும், காதைக் கதவில் வைத்துக் கேட்டுத் தானே கண்டுபிடிப்பார். இந்த மார்ச் மாதம்தான், வேறு வழியில்லாமல், மாதத்தின் மூன்றாவது ஞாயிறு தொழிலாளர் மன்றத்துக் கூடத்தில் நடக்கும் மீன்வளர்ப்போர் சந்தைக்குப் போனார். காலை எட்டு மணிக்கே பொரித்த சாஸேஜ் வாசனையும் பீரும். நீள மேசைகளில் ஊறுகாய் ஜாடிகளிலும் கட்டிய பிளாஸ்டிக் பைகளிலும் உயிரினங்கள். ரொட்டி கோட்டுப்பையில், தொப்பி கையில். யாரிடம் தொடங்குவது என்று தெரியாமல் நின்றவரை ஒருவன் அடையாளம் கண்டுகொண்டான். “ஹினெக் அப்பாதானே நீங்க? மூக்கு அப்படியே இருக்கு.” பத்து நிமிடத்தில் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஹினெக் எப்படி இரண்டு மணி நேரம் நின்று ஒரே ஒரு இறாலைப் பொறுக்கி எடுப்பான், பணம் வாங்காமல் எத்தனை பேருக்குப் பாசி கொடுத்தான், பஸ் கிளம்பிவிட்டதென்று ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எப்படி ஓடினான். மகனைப் பற்றி அந்நியர்கள் சொல்வதை, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார் விலேம்.

“செர்ரி இன்னும் இருக்குதா?” என்று கேட்டது ரதானா. டிராலிபஸ் ஓட்டுகிறவள், நாற்பத்தைந்து வயது, குரல் கணீரென்று இருக்கும். தன் கட்டடத்தின் அடித்தளத்தில், யாரும் துணி காயப்போடாத பழைய உலர்த்தும் அறையில் முப்பது தொட்டி வைத்திருக்கிறாள்.

“ஒன்பது இருக்கு.”

மேசையைச் சுற்றி நின்றவர்கள் அவர் பக்கம் நெருங்கி வந்தார்கள். ஒவ்வொருவரும் முன்பு அவனிடம் வாங்கியதை வேறு வேறு நிறத்தோடு கலந்துவிட்டார்கள். சுத்தமான செர்ரி வேறு எங்கும் இல்லை.

“சாயங்காலம் வர்றேன். விலாசம் சொல்லுங்க,” என்றாள் ரதானா.

வந்தாள். கையைக் கழுவச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொட்டிமுன் மண்டியிட்டு, டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்து நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“ஹினெக் அப்பா, ஒன்பதும் பொம்பளைங்க.”

“அப்படின்னா?”

“ஆம்பளை ஒண்ணுகூட இல்ல. இதுங்க முட்டை வைக்கும், உதுத்துரும். அவ்வளவுதான்.” பிறகு, எப்போதும் போடுகிற வேடிக்கையை யோசிக்காமல் போட்டுவிட்டாள். “ஆம்பளைங்கதானே எங்கயும் முந்திப் போறானுங்க.”

சொன்ன பிறகுதான் யார் கட்டில் மீது தன் பை இருக்கிறது என்று பார்த்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விலேம் அதைக் கவனிக்காததுபோல், “சரி, ஏன் சாகுது?” என்றார்.

ரதானா தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனாபோல் ஒரு கருவியை எடுத்து, முனையைத் தண்ணீரில் நனைத்தாள். இருநூறு காட்ட வேண்டிய இடத்தில் எழுநூற்றுப் பத்து காட்டியது. அவள் மெல்ல, “கொறையுற தண்ணிக்கு என்ன ஊத்துறீங்க?” என்று கேட்டாள். விலேம் கேனைக் காட்டினார். அது ஹினெக் கலக்கும் அதே அளவு என்றும், முதல் மூன்று கேன் அவனே கலந்து வைத்தது என்றும், ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ரதானா கருவியின் முனையைத் துடைத்தாள். தேவைக்கு அதிகமாகவே துடைத்தாள்.

“தண்ணி நல்ல தண்ணிதான். ஆனா ஆவியாப் போறது வெறும் தண்ணி மட்டுந்தான். உப்பு போவாது, தங்கிரும். கொறையுறதுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணிதான் ஊத்தணும். இத ஊத்த ஊத்த உப்பு மேல உப்பா ஏறிருச்சு. எறா வளரணும்னா சட்டைய உரிக்கணும். இந்தத் தண்ணியில சட்டை கல்லா இறுகிப்போவும். கழுத்துகிட்ட பொளந்துட்டு, வெளிய வர முடியாம அப்படியே மாட்டிக்கும்.”

“வெள்ளையா ஒரு வளையம் வரும்.”

“அதேதான்.”

விலேம் கேனின் மூடியைத் திறந்தார், மூடினார். “அப்ப நான் ஊத்துனதுதான்.”

ரதானா இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்ல வராதவள். “எல்லாருக்கும் முதல்ல இது நடக்கும். எனக்கும் நடந்துச்சு,” என்றாள். அது உண்மை. ஆனால் அவளுக்கு நடந்தது, மகன் கலந்து வைத்த தண்ணீரில் இல்லை.

அன்று இரவு உணவு மேசையில் யர்மிலா, “அந்தப் பொம்பள என்ன சொல்லுச்சு?” என்று கேட்டதற்கு, “தண்ணி சரியில்லையாம்” என்றார். மழலையர் பள்ளியின் சமையலறையில் வேலை செய்கிறவள் யர்மிலா. நாள் முழுக்கக் கூச்சலில் இருந்துவிட்டு வந்தாலும், வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக வானொலியைச் சத்தமாக வைப்பாள். அந்த அறையின் குமிழிச் சத்தம் கேட்கக் கூடாது. மகன் போனதிலிருந்து அவள் அந்தக் கதவுக்குள் கால் வைத்ததில்லை. “என்னிக்கு அந்தச் சத்தம் நிக்குதோ அன்னிக்குத்தான் நான் தூங்குவேன்” என்று ஒரு முறை சொல்லியிருந்தாள். விலேம் அதை மறக்கவில்லை. மோட்டாருக்கு அடியில் ஒரு பஞ்சு மெத்தை வைத்தார். ஆனால் நிறுத்தவில்லை.

பழைய தொட்டியைச் சரிசெய்ய முடியாது என்று ரதானா சொல்லிவிட்டாள். கிழட்டு இறால்கள், தண்ணீரைச் சட்டென்று மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். அந்த உப்பில் புது ஆண்களை விட்டால் அவை தாங்காது. வேறு தொட்டி புதிதாக அமைக்க வேண்டும். அதில் முதலில் தன்னுடைய சிவப்பு வகையில் ஐந்து ஆண்களை விட்டுப் பார்ப்பதாகவும், அவை நிலைத்தால் செர்ரிகளை அங்கே மாற்றலாம் என்றும் சொன்னாள்.

“உங்களோடதச் சேத்தா அது அவனோடதா இருக்காதே,” என்றார் விலேம்.

“நிறம் வெளுக்கும். உள்ளுக்குள்ள இருக்கும். நாலு தலைமுறை பொறுக்குனா திரும்ப வரும்.”

“வரலன்னா?”

“இப்படியே விட்டா வருஷக் கடைசியில எதுவுமே இருக்காது, ஹினெக் அப்பா. நீங்களே முடிவு பண்ணுங்க.”

விலேம் ஒரு வாரம் முடிவு பண்ணவில்லை. ஒன்பதில் ஏதாவது ஒன்று, அவள் பார்த்தது தப்பாகி, ஆணாக இருந்துவிடாதா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்த்தார். எட்டாம் நாள் ஐம்பது லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு ஆறு மாடி ஏறினார்.

லிஃப்டுக்காரனின் கை அது. அலமாரித் தட்டுக்கு மட்டக்கோல் வைத்து மயிரிழை சாய்வையும் எடுத்தார். கண்ணாடியை வினிகரால் துடைத்து, பலமுறை அலசினார். மூன்று விரல் கனத்துக்குக் கறுப்பு மண் பரப்பினார், பின்னால் உயர்த்தி முன்னால் தாழ்த்தி. மண் கலையாமலிருக்க ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் தண்ணீரை ஊற்றினார். காட்டிலிருந்து கொண்டுவந்த வேர்க்கட்டையைக் கொதிக்கவைக்க வேறு பாத்திரம் அகப்படாமல், யர்மிலா ப்ளம் கொழுக்கட்டை வேகவைக்கும் பெரிய குண்டானை எடுத்துவிட்டார். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“என்ன இது, சூப்பா?”

“மரக்கட்ட.”

“இனிமே இதுல கொழுக்கட்ட அவிச்சா ஸ்லாவெக்குக்குக் குடு. எனக்கு வேண்டாம்.” ஆனால் அடுப்பைத் தணித்தது அவள்தான். கட்டை இன்னும் ஒரு மணி நேரம் வெந்தது.

கடைசியாக, பழைய தொட்டியின் வடிகட்டி ஸ்பாஞ்சைப் புதுத் தண்ணீரில் பிழியச் சொல்லியிருந்தாள் ரதானா. அதைக் குழாயில் காட்டிக் கழுவிவிடக் கூடாது என்று இரண்டு முறை எச்சரித்திருந்தாள். அந்தப் பழுப்பு அழுக்கில்தான் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன. அவை பரவினால்தான் தண்ணீர் உயிர்ப்பிடிக்கும். ஸ்பாஞ்சு ஹினெக் வைத்தது. பிழிந்தபோது விரலிடுக்கில் சேறாக வழிந்தது. தெளிந்த தொட்டி ஒரே நிமிடத்தில் தேநீர் நிறமானது. விலேம் கையைத் தண்ணீருக்குள்ளேயே சற்று நேரம் வைத்திருந்தார்.

பிறகு நாற்பது நாள் எதுவும் செய்யக் கூடாது. அதுதான் அவருக்குக் கடினம். நின்ற லிஃப்டை ஒரு மணி நேரத்தில் ஓடவைத்துப் பழகியவர். தண்ணீர் முதலில் பால்போல் கலங்கியது, பிறகு தெளிந்தது, வேர்க்கட்டையில் வெள்ளை வழும்பு படர்ந்தது, எங்கிருந்தோ ஒரு நத்தை வந்தது. பக்கத்துத் தொட்டியில் ஒன்பது எட்டாயிற்று. விலேம் ரதானாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

“இருபத்தி ரெண்டு நாள் ஆச்சு. விட்டுடலாமா?”

“கண்ணாடியில பச்ச படிஞ்சுதா?”

“இல்ல.”

“அப்ப விடாதீங்க.”

“இங்க ஒண்ணு செத்துப்போச்சு. வயசாவுது அதுங்களுக்கு. நான் வெறும் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

“அதுதான் வேல,” என்றாள். பின்னால் டிராலிபஸ் கதவு மூடும் சத்தம் கேட்டது. “அவசரப்பட்டு விட்டீங்கன்னா எட்டும் ஒரே வாரத்துல போயிரும். காத்திருந்தா ரெண்டு மூணு போவும். கணக்கு அவ்வளவுதான்.”

காத்திருந்தார். இன்னொன்று போயிற்று. ஏழு. அதில் ஒன்றின் முதுகில், தலைக்குப் பின்னால், மஞ்சளாக ஒரு சேணம்போலத் தெரிந்தது. உள்ளே முட்டைகள் கட்டிக்கொண்டிருந்தன. அடுத்து அது சட்டை உரிக்கும்போது ஆண் அருகில் இருந்தால் கரு நிற்கும். இல்லாவிட்டால் உதிரும். அதன் பிறகு அதற்கு இன்னொரு முறை இருக்குமா என்பது சந்தேகம்.

மே மாதத்தில் ஒரு பிற்பகல், கட்டடத்தில் மின்பெட்டி மாற்றுகிறோம் என்று இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தினார்கள். வானொலி நின்றது, குளிர்பெட்டி நின்றது. விலேம் அறைக்குள் முழங்காலிட்டு, ஒரு தம்ளரால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார், காற்று கலக்கட்டும் என்று. நடைவழியில் செருப்புச் சத்தம் வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

“விலேம்.” யர்மிலாவின் குரல். “சத்தத்தக் காணோமே. என்னாச்சு?”

“கரண்ட் இல்ல.”

“அதுங்க இருக்கா?”

“இருக்கு.”

அவள் உள்ளே வரவில்லை. போகவுமில்லை. மின்சாரம் வந்து மோட்டார் மறுபடி இரையத் தொடங்கிய பிறகுதான் செருப்புச் சத்தம் சமையலறைப் பக்கம் திரும்பியது. அன்று மாலை வானொலியை அவள் போடவில்லை.

நாற்பத்தோராம் நாள் முன்கண்ணாடியில் மெல்லிசாகப் பச்சை படிந்திருந்தது. ரதானா பேருந்துச் சீருடையோடே வந்து, ஐந்து ஆண்களை விட்டுவிட்டுப் போனாள். சின்னவை, வெளிறியவை, சுறுசுறுப்பானவை. மறுநாள் ஐந்தும் இருந்தன. மூன்றாம் நாளும். பத்தாம் நாள் ஐந்தும் வேர்க்கட்டையைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தன. ஜூன் முதல் சனிக்கிழமை, செர்ரிகளை மாற்றிவிடலாம் என்று தொலைபேசியில் சொன்னாள்.

காலை வெயில் கட்டில் வரை வந்திருந்தது. விலேம் ஏழு இறால்களையும் அவற்றின் பழைய தண்ணீரோடு ஒரு வெள்ளை வாளியில் எடுத்துக்கொண்டார். உப்பில் பழகியவற்றை உப்புக் குறைந்த தண்ணீரில் ஒரேயடியாக விடக் கூடாது. புதுத் தொட்டியிலிருந்து வாளிக்கு ஒரு மெல்லிய குழாயைத் தொங்கவிட்டு, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக விழவிட வேண்டும். “ரெண்டு மணி நேரம். தண்ணி, வாளியில அடையாளப் பட்டை ஒட்டுன எடத்துக்கு வந்ததும் விட்டுடலாம். அதுக்கு மேல தேவையில்ல” என்று ரதானா சொல்லியிருந்தாள். விலேம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டுப் பையில் இருந்த ரொட்டி தொடப்படாமல் கிடந்தது.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். கதவு திறந்தது. யர்மிலா இரண்டு கையிலும் காப்பிக் கோப்பையோடு நின்றாள். வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, ஒரு கோப்பையை அவரிடம் தந்துவிட்டு, மகனின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கட்டில் கிறீச்சிட்டது.

“எது அவனோடது?”

“வாளியில இருக்கிறது.”

அவள் குனிந்து பார்த்தாள். உதடு அசைய எண்ணினாள். “இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“இது எதையும் அவன் பாத்திருக்க மாட்டான், இல்ல?”

“பாத்திருக்க மாட்டான். ஒன்றரை வருஷந்தான் அதுங்க உசிரு. அவன் பாத்ததுங்களோட பேரப்பிள்ளைங்க, கொள்ளுப் பேரப்பிள்ளைங்க.” கோப்பையைத் தரையில் வைத்தார். “இன்னும் நெறைய இருந்துச்சு யர்மிலா. நானூறு இருக்கும். அவன் வச்ச தண்ணிய நாந்தான் தப்பா ஊத்திட்டேன்.”

அவள் நிமிரவில்லை. சொட்டு விழும் இடத்தில் வட்டம் விரிவதையும், அந்த வட்டத்தினடியில் ஒரு இறால் மீசையை நீட்டி எதையோ தடவிப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

“அது என்ன முதுகுல, மஞ்சளா?”

“முட்ட. இப்போ உள்ள இருக்கு. சட்ட உரிச்சதும் வயித்துக்கு எறங்கும்.”

“எப்ப?”

“இன்னிக்கோ, நாளைக்கோ. தெரியாது.”

“வலிக்குமா அதுக்கு, உரிக்கும்போது?”

விலேமுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார். அதன் பிறகு அவள் வேறு வேறு கேள்விகள் கேட்டாள். கீரை தின்னுமா, ஒன்றையொன்று கடிக்குமா, வாளியில் ஒட்டிய பட்டை எதற்கு, ஹினெக் இதற்கெல்லாம் பெயர் வைத்திருந்தானா. சிலவற்றுக்கு விடை சொன்னார். சிலவற்றை ரதானாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். வெயில் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கியது. யர்மிலா செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கட்டில் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள்.

“அந்தப் பட்டை வரைக்கும் வந்துடுச்சு,” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “விட்டுடலாமா?”

தண்ணீர் பட்டைக்கு ஒரு நூல் மேலேயே ஏறியிருந்தது. விலேம் அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அதில் பாதிக் காப்பி இன்னும் மிச்சமிருந்தது. அவர் வாளியை மெல்லச் சாய்த்து, ஏழும் ஒரு பக்கம் ஒதுங்கும்வரை பொறுத்திருந்து, பாதித் தண்ணீரைப் பக்கத்துப் பாத்திரத்தில் வடித்தார். வாளியைப் பழைய இடத்தில் வைத்தார். குழாயின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கி, சொட்டை முதலிலிருந்து விழவிட்டார்.